அமெரிக்கா போன நார்வேக்காரர் ஒருவரை எப்படித் தேடுவது?

கேள்வி:
என் மாமியார் பெர்கன்காரர். அவருடைய தாத்தாவின் தம்பி 1880களில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மினசோட்டாவிலிருந்து சில கடிதங்கள் வந்தன, அப்புறம் பேச்சே இல்லை. பெயரும் பிறந்த பண்ணையும் பிறந்த தேதியும் தெரியும். தேடினால் அதே பெயரில் ஊர்ப்பட்ட பேர் வருகிறார்கள்!

பதில் 1:
முதலில் நார்வே பக்கத்தை முடியுங்கள். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவே தளம் இலவசம். 1874 முதல் பெர்கன் துறைமுகம் வழியாகப் போனவர்களின் பதிவேடு அதில் உண்டு. தேவாலயப் பதிவேடுகளில் ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலையும் பாருங்கள்.

பதில் 2:
குடும்பப் பெயரை நம்பாதீர்கள். அதைக் கட்டாயமாக்கியதே 1923 சட்டம்தான். அதற்கு முன் கிராமங்களில் ஓலாவின் மகன் ஓல்சன். கூடவே குடியிருக்கும் பண்ணையின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள்; பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்காவில் எதை வைத்துக்கொண்டாரோ! பிறந்த தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1900 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு மூன்றும் இருக்கும். 1890 கணக்கெடுப்பைத் தேட வேண்டாம், பெரும்பாலும் தீவிபத்தில் போய்விட்டது.

கேள்வி கேட்டவர்:
சரி, அவர் அங்கே திருமணம் செய்தாரா என்றுகூடத் தெரியாதே?

பதில் 2:
மினசோட்டாவின் நார்வே லூத்தரன் சபைப் பதிவேடுகளைப் பாருங்கள். திருமணம், அடக்கம் இரண்டும் கிடைக்கலாம். சில பாதிரியார்கள் சொந்த ஊரையும் குறித்திருப்பார்கள். என் அனுபவத்தில் அதுதான் தங்கம்.