நைனோவா: இந்த ஹவாய்ப் பெயர் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பசிபிக் தீவுகளின் ஆண் பெயர்கள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நைனோவா என்ற பெயரில் சிக்கி நிற்கிறேன். ஹவாய் மொழியில் 'நா' பன்மைக்கு முன்னால் வரும் சொல், 'இனோவா' என்றால் பெயர், ஆக 'பெயர்கள்' என்று பிரிக்கலாம். ஆனால் குழந்தைக்கு வைக்கும்போது முன்னோர் பெயர்களைச் சுமப்பவன் என்ற எண்ணத்தில் வைக்கிறார்களா, இல்லை நைனோவா தாம்சன் மேலுள்ள மதிப்பாலா? திசைகாட்டி எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே 1980இல் ஹோகுலேயா படகை டஹிட்டி வரை கொண்டுபோய்த் திரும்பிய மாலுமி அவர்.

இன்னொன்று. 1860இல் ஹவாய் மன்னர் நான்காம் கமேஹமேஹா போட்ட சட்டப்படி பிள்ளைகளுக்குக் கிறித்தவப் பெயர்தான் முதல் பெயர், அது 1967இல்தான் நீங்கியது, அதனால் ஹவாய்ப் பெயர்கள் நடுப்பெயராக ஒதுங்கிவிட்டன என்பது சரி. இன்றும் அப்படித்தானா? அமெரிக்க அரசின் பெயர்ப் பட்டியலில் ஒரு வருடத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயரே வராது, நடுப்பெயரும் கணக்கில் இல்லை, அதை மட்டும் நம்பி 'அரிய பெயர்' என்று எழுத மனம் வரவில்லை.

ஹோனலூலு, ஹிலோ பக்கம் இருப்பவர்கள் யாராவது பள்ளியிலோ அக்கம்பக்கத்திலோ இந்தப் பெயரைக் கேட்டிருந்தால் சொல்லுங்கள். (நம் ஊர் என்றால் ஒரே வாரத்தில் நைனா ஆகியிருக்கும்!) அப்புறம், உச்சரிப்பைக் குரல் பதிவாக அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும். குழந்தைப்பெயர்த் தளங்களின் இணைப்பு மட்டும் வேண்டாம், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை.