பல் பதித்த பானைக்கு ஒரு சொல்

ஈசூன், சிங்கப்பூர், திங்கள் இரவு

நம் சொற்குழுவுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் உயர்நிலை மாணவர்களுக்கான கண்காட்சி அட்டை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருள், லப்பித்தா பானைகள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பசிபிக் தீவுகளில் குடியேறிய கடலோடிகள் செய்தவை. ஈரக் களிமண்ணில் பல் வைத்த சிறு கருவியை அழுத்தி, வரிசை வரிசையாகக் குழிப்புள்ளி போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் அந்தப் புள்ளிகளே மனித முகமாகின்றன. குழிகளில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியதும் உண்டு. இப்போதைக்கு 'பல்முத்திரைப் பானை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பிடோக், செவ்வாய் காலை

தம்பி, வேண்டாம். பல்லினச் சமுதாயம், பல்கலைக்கழகம் என்று படித்து வளரும் பிள்ளைகள் 'பல முத்திரை குத்திய பானை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பற்பொறி' என்று வையுங்கள். பற்பசை தெரிந்தவர்களுக்குப் பற் குழப்பாது. பொறி இன்னும் அருமையான சொல். சேரனின் விற்பொறி அழுத்திய அடையாளம். பொறிவண்டின் பொறி புள்ளி. அழுத்தமும் புள்ளியும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. பானை என்றதும் புறநானூறு 256 நினைவுக்கு வருகிறது. கணவனை இழந்தவள் 'கலம்செய் கோவே' என்று குயவரை அழைத்து, ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள்.

ஜூரோங், செவ்வாய் இரவு

ஐயா, பொறி என்றால் என் வகுப்பில் எலிப்பொறியும் பொறியாளரும்தான். விளக்கிவிட்டு அப்புறம் பானைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். 'சீப்புப் பானை' போதாதா? பார்த்த உடனே புரியும்.

ஈசூன், புதன் இரவு

அக்கா, உங்கள் மடலைப் படித்துவிட்டு மகளின் விளையாட்டுக் களிமண்ணில் சீப்பை வைத்துப் பார்த்தேன். இழுத்தால் இணைகோடுகள். அழுத்தி எடுத்தால், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சதுரக் குழி. லப்பித்தா இரண்டாவது வகை. தவிர, கொரியாவின் புதிய கற்காலப் பானைகளுக்கு அங்கேயே 'சீப்பு வரி' என்றுதான் பெயர். சீப்பை இங்கே செலவழித்தால் அதற்கு என்ன செய்வது?

ஐயா சொன்ன தாழி என்னை விடவில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் தியோமா என்ற லப்பித்தா இடுகாட்டை 2004 முதல் தோண்டினார்கள். புதைத்த பெரியவர்களின் தலைகளைப் பிறகு எடுத்திருக்கிறார்கள். ஒரு மண்டையோடு பானைக்குள்ளேயே இருந்தது. லப்பித்தா மக்களின் பானைகளில் பெரும்பாலானவை வேலைப்பாடே இல்லாதவை. இத்தனை பொறுமையாகப் புள்ளி வைத்த கலங்கள் சடங்குக்கும் விருந்துக்கும் உரியவை, முகங்கள் முன்னோரைக் குறிப்பவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பச்சை குத்தும் பல்லுளியோடு ஒப்பிடுவோரும் உண்டு. உடம்பில் குத்தியதையே பானையிலும் குத்தினார்கள் என்றால், அந்தக் கோலம் 'நான் இன்ன குடி' என்று சொல்லும். அலங்காரம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எனவே 'பற்பதிவு'. பதிவில் கை அழுத்துவதும் இருக்கிறது, நினைவில் வைப்பதும் இருக்கிறது.

ஜூரோங், வியாழன்

பற்பதிவு சரி. முதல் முறை வரும் இடத்தில் 'பல் வைத்த கருவியால் அழுத்திய' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிடோக், வியாழன் இரவு

பதிவு என்றால் இன்று திருமணப் பதிவும் வலைப்பதிவும்தான். அட்டைக்கு நேரமில்லை, பற்பதிவே போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் மட்டும் 'பற்பொறி'யும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தம்பி.