காரைக்குடி – பழனி பாதயாத்திரை: கூடாரம் தூக்கிப் போவதா, மண்டபத்தை நம்புவதா?

செவ்வந்தி:
வரும் தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். ஆறு பேர். மூன்று பேர் பெண்கள், அம்மாவுக்கு 61 வயது. குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழி. ஐந்து ராத்திரி வெளியே. இரண்டு கூடாரம் வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. "பழனிப் பாதையில் படுக்க இடமா இல்லை?" என்கிறார் மாமா. நடந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நடையாள்:
மாமா சொல்வதுதான் சரி. பதினாலு வருஷமாக நடக்கிறேன், ஒருநாளும் கூடாரம் தேவைப்படவில்லை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள் அம்மா. இந்த நடையில் ராத்திரித் தூக்கம் கொஞ்சம்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, பத்துக்குள் கால் நின்றுவிடும். வெறுங்காலோடு தார்ச்சாலையில் அதற்குமேல் வைக்க முடியாது. வெயில் தாழ்ந்து நாலு மணிக்குமேல்தான் மறுபடி நடை. ஆக, நன்றாகத் தூங்குவது பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் படுத்துப் பாருங்கள், அடுப்புக்குள் இருப்பது மாதிரி. வேண்டியது நிழலும் காற்றும். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களையே பாருங்கள்: ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. நடப்பவனுக்கு இடம் கொடுத்தே வளர்ந்த பாதை இது.

வெள்ளி வேல்:
அண்ணே, பெயரில் சத்திரம் இருக்கிறது, ஊரில் எங்கே இருக்கிறது? இப்போது எல்லோரும் நம்புவது கல்யாண மண்டபங்களைத்தான். தை மாதம் முகூர்த்த மாதம். நத்தம் தாண்டி ஒரு மண்டபத்தில் கேட்டுவிட்டுத்தான் படுத்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. மறுநாள் கல்யாணமாம். அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் காலில் கொப்புளத்தோடு என் அத்தை எழுந்து, மூடிய கடை ஒன்றின் திண்ணையில் போய்ப் படுத்தார். தைப்பனி தெரியுமே, விடிகாலையில் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அடுத்த வருஷமே கூடாரம் வாங்கிவிட்டேன். சாமான் வேனில் போகிறது, முதுகில் சுமையில்லை.

பழைய நடையாள்:
தம்பி, இடத்தை ராத்திரி போய்க் கேட்டால் அப்படித்தான் ஆகும். மதியமே வேன்காரரை முன்னால் அனுப்பி, காவலாளியிடம் "நாளைக்கு விசேஷம் உண்டா" என்று கேட்கச் சொல்ல வேண்டும்.

தோப்புக்காரன்:
நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். கூடாரம் போடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தை, மாமரம் பூக்கும் காலம். பூவுக்கு மருந்து அடிப்போம். வாசம் அடங்கியிருக்கும், இலையில் மருந்து இருக்கும். ஆளைக் கேட்காமல் தோப்புக்குள் படுக்காதீர்கள். சிங்கம்புணரிப் பக்கம் தென்னந்தோப்பு நிறைய, கயிற்றுத் தொழில் ஊர் அது. நிழல் அழகாக இருக்கும், ஆனால் மட்டையும் நெற்றும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிடமாகத் தெரியும் புறம்போக்கில் சீமைக்கருவேல முள் கிடக்கும். கூடாரத்தின் அடித்துணியில் ஏறும், அப்புறம் காலிலும் ஏறும். கண்மாய்க் கரையில் பூச்சிபொட்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம்.

கேட்டால் நாங்கள் இல்லை என்பதில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்கலாம், களத்தில் படுக்கலாம். சென்ற வருஷம் யாரோ சருகைக் கூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு அணைக்காமல் போய், காய்க்கிற மரம் இரண்டு கருகிவிட்டது. முருகன் பெயரைச் சொல்லி நடக்கிறவர்கள் அதைச் செய்யலாமா?

நிலாமுற்றம்:
ஆண்கள் எல்லோரும் படுக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு முதல் கேள்வி கழிப்பறை. மண்டபத்தில் இருநூறு பேர் தங்கினால் நாலு கழிப்பறை, காலை இரண்டரைக்கே வரிசை. கூடாரத்தில் அதுவும் இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடந்து, என் தங்கை ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். செவ்வந்தி, திண்டுக்கல்லில் ஒரு அறை எடுங்கள். ராத்திரிக்கு இல்லை, பகலுக்கு. நத்தத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் நடந்து வருகிற அலுப்பு அங்கேதான் உச்சம். அம்மா குளித்து, துணி மாற்றி, காலை உயர்த்தி ஆறு மணி நேரம் படுக்கட்டும். மீதி 60 கிலோமீட்டரும் நடந்துவிடுவார்.

பழைய நடையாள்:
விரதம் இருந்து மாலை போட்டுவிட்டு லாட்ஜில் படுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்தரையில் படுப்பதும் விரதத்தில் சேர்த்திதான்.

நிலாமுற்றம்:
அறையிலும் தரையில் பாய் விரித்துப் படுக்கலாம் ஐயா. நான் கேட்பது கதவுள்ள கழிப்பறை. வேண்டிக்கொண்டது நடந்து வருவதாகத்தான், தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக இல்லை.

வெள்ளி வேல்:
இதில் அக்கா பக்கம்தான் நான். ஒட்டன்சத்திரத்தில் மட்டும் சந்தைப் பக்கம் இடம் பார்க்காதீர்கள். காய்கறி லாரி ராத்திரி முழுக்க ஓடும். ஊர் தாண்டி, அன்னதானப் பந்தலை ஒட்டி இருங்கள். வெளிச்சமும் ஆளும் இருக்கும். சாலையோரம் கூடாரம் போட்டால் வண்டி வரும் பக்கம் வேண்டவே வேண்டாம். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

செவ்வந்தி:
ஒரு கூடாரம் மட்டும் வாங்குகிறோம், பெண்களுக்கு, ராத்திரிக்கு மட்டும். பகலுக்குத் தார்ப்பாயும் கயிறும். திண்டுக்கல்லில் பகல் அறை. கடைசி ராத்திரி பழனியில் அறை கிடைக்குமா?

பழைய நடையாள்:
பூசத்தன்று பழனிக்குள் தேடாதீர்கள், தேவஸ்தான விடுதியிலும் நிரம்பியிருக்கும். சத்திரப்பட்டியிலோ ஆயக்குடியிலோ சாயங்காலம் படுத்து எழுந்து, நள்ளிரவுக்குமேல் கிளம்புங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள், நிலவு இருக்கும். ஆயக்குடி தாண்டினால் மலை விளக்கு கண்ணில் படும், அம்மாவுக்கு வலி தெரியாது. அறையைப் பற்றி என் மனம் மாறவில்லை. ஆனாலும் அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும். கிளம்பும் தேதியைப் போடுங்கள். எங்கள் வேன் முன்னால் போகும், நத்தத்தில் உங்களுக்கும் சேர்த்து இடம் கேட்டு வைக்கிறேன்.