இன்னும் உறுத்தும் ஓர் ஆங்கில வினைச்சொல்: எங்கே, எந்த வாக்கியத்தில் பார்த்தீர்கள்?

மெய்ப்புமேசை:
ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்குச் சக ஆசிரியர்கள் எழுதிய ஆங்கிலப் பாராட்டு மடல். இலக்கணம் சுத்தம், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வரி: "ஷீ பெர்பெட்ரேட்டட் மெனி ரிஃபார்ம்ஸ்."

முதலில் "கேரிட் அவுட்" என்றுதான் இருந்திருக்கிறது. எளிமையாகத் தெரிகிறதே என்று ஒத்தசொல் அகராதியைப் புரட்டி மாற்றியிருக்கிறார்கள். பெர்பெட்ரேட் என்ற வினை குற்றம், மோசடி, படுகொலை, அநீதி இவற்றோடுதான் வரும். ஆங்கிலம் பழகிய காதுக்கு அந்த வரி பாராட்டாகக் கேட்காது, குற்றப்பத்திரிகையாகக் கேட்கும். அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது கண்ணில் பட்டது.

ஒத்தசொல் அகராதி ஒரு சொல்லுக்குப் பக்கத்துப் பொருளைத் தரும், அது யாரோடு சேரும் என்பதைத் தராது. இன்கர் என்ற வினையோடு வருபவை நஷ்டம், கடன், செலவு, அபராதம். லாபத்தை இன்கர் செய்ய முடியாது. சாதாரண "காஸ்" (ஏற்படுத்து) கூட அப்படித்தான்: பெரும்பாலும் சேதம், தாமதம், வலி ஆகியவற்றோடு வருகிறது. வெற்றிக்குக் காரணம் என்று எழுத வேண்டுமென்றால் "லெட் டு" பொருத்தம்.

படியெடுப்பு:
ஒரு கண்டன அறிக்கையின் வரைவு. முதல் வரி: "வி ஸ்ட்ராங்லி கண்டோன் திஸ் அட்டாக்." கண்டெம் (கண்டி) என்று இருக்க வேண்டிய இடம். தாக்குதலைக் கடுமையாக மன்னிக்கிறோம் என்று ஆகிவிட்டது. அதற்குக் கீழே எட்டுக் கையெழுத்து.

கண்டோன் நமக்குப் புதிய சொல்லும் இல்லை. வருகைப்பதிவு குறைந்த கல்லூரி மாணவர் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் இதே வேரிலிருந்து வந்ததுதான். நீதிமன்றத்தில் காலம் கடந்து மேல்முறையீடு செய்பவர் 1963 காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் போடும் மனுவும் தாமதத்தைக் கண்டோன் செய்யக் கேட்பதுதான். குற்றம் இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள்.

மூன்றாவதாக கண்டோல், அதாவது இரங்கல் தெரிவிப்பது. நம் ஊர் நாளிதழ்களில் "கண்டோல்ட் தி டெத்" என்று வரும். தரமான வழக்கில் மரணத்தை அல்ல, குடும்பத்தோடு: "கண்டோல் வித் தி ஃபேமிலி". "ஆஃபர் கண்டோலன்சஸ்" என்று எழுதிவிட்டால் சிக்கலே இல்லை. இன்னொன்று: கண்டெம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வரும் "என்" எழுத்து ஒலிக்காது, கண்டெம்னேஷன் என்று நீளும்போது மட்டும் அந்த "ன்" வெளியே வரும். மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்துப் படித்தால் குழப்பம் தீரும்.

அட்டைப்பெட்டி:
படியெடுப்பு, கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒலியிலோ பொருளிலோ நெருங்கிய சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். அந்த அறிக்கையை எழுதியவருக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். முதலில் கண்டெம் மட்டும். அது தயங்காமல் வரத் தொடங்கியபின், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து கண்டோன். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

என் கண்ணில் பட்டது ஓர் அட்டைக் கட்டு. இருநூறுக்கு மேல். முன்பக்கம் "அலீவியேட்", பின்பக்கம் "தணி". எல்லா அட்டையும் இதே மாதிரி. "மிட்டிகேட்" அட்டையிலும் பின்னால் "தணி" என்றே இருந்தது. கட்டு முழுவதையும் மனப்பாடம் செய்தாலும் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாது. அலீவியேட் என்பது வலி, வறுமை, நெரிசல் போல இப்போது அனுபவித்துக்கொண்டிருப்பதைக் குறைப்பது. மிட்டிகேட் பெரும்பாலும் ஆபத்து, பாதிப்பு, விளைவு ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பது, வருமுன்பே செய்வதும் அதில் அடங்கும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். முன்பக்கம் ஒரு முழு வாக்கியம், வினை இருக்கும் இடம் கோடு, முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் நான்கு வரி: வினை; அதோடு வழக்கமாக வரும் மூன்று செயப்படுபொருள்கள்; பிரிபொசிஷன் இருந்தால் அது; வரக்கூடாத ஓர் இடம். தமிழ்ப் பொருள் வேண்டுமென்றால் ஓரத்தில் பென்சிலால். வாக்கியத்தை நீங்களே இட்டுக்கட்ட வேண்டாம், தப்பு அங்கேயே நுழைந்துவிடும். பயில்வோர் அகராதியிலிருந்து எடுங்கள். லாங்மேன் அகராதி விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதுகிறது, அதனால் ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேட வேண்டியதில்லை.

நாளுக்கு ஐந்து வினை போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு இரண்டு வாரம் கழித்து. தவறினால் அந்த அட்டை முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். பலர் இருபதில் தொடங்கி, பத்தாம் நாள் திரும்பப் பார்க்க வேண்டிய குவியலைக் கண்டு விட்டுவிடுகிறார்கள். எந்த வினைகள் என்று கேட்டால், ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் நல்ல தொடக்கம். அதில் 570 சொற்குடும்பங்கள். அசெஸ் (மதிப்பிடு), டெரைவ் (வருவி), அலொகேட் (ஒதுக்கு), அட்ரிப்யூட் (காரணமாகச் சுட்டு) எல்லாம் அங்கே இருக்கின்றன. அவை கைவராமல் "எக்சாசர்பேட்" (மேலும் மோசமாக்கு) தேடி ஓடுவது அவசரம்.

இடைச்சொல்:
"டிஸ்கஸ் அபவுட்". ஒரு கூட்டக் குறிப்பில் பதினொரு இடம், எண்ணிப் பார்த்தது. "பற்றி விவாதித்தோம்" என்று தமிழில் நினைத்து எழுதினால் அபவுட் தானாக வந்து உட்காரும். டிஸ்கஸ் நேராகப் பொருளை எடுக்கும், நடுவில் எதுவும் வேண்டாம். தமிழில் நினைப்பதை விட்டால் போதும்.

வேர்ப்பலா:
இடைச்சொல், தமிழ் மேல் இவ்வளவு பழி வேண்டாம். தமிழே தெரியாத நாடுகளிலும் "டிஸ்கஸ் அபவுட்" எழுதுகிறார்கள். "டிஸ்கஷன் அபவுட்" என்ற பெயர்ச்சொல்லிலிருந்து அபவுட் வினைக்குத் தாவுகிறது. "எம்ஃபசைஸ் ஆன்" பாருங்கள். தமிழில் "ஒற்றுமையை வலியுறுத்தினார்", நேர் செயப்படுபொருள்தான். தமிழில் நினைத்திருந்தால் சரியாக வந்திருக்கும். "எம்ஃபசிஸ் ஆன்" என்ற பெயர்ச்சொல் கெடுத்தது. பெயர்ச்சொல்லுக்கு வேண்டிய பிரிபொசிஷன் வினைக்கும் வேண்டுமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தமிழ் உண்மையாகவே இழுத்துவிடும் இடம் "எனக்கு". ஒரு மின்னஞ்சலில் "கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் மீ தி க்ளாஸ்" என்று இருந்தது. கிவ் மீ, டெல் மீ, ஷோ மீ சரி என்பதால் இதுவும் சரியாகத் தோன்றுகிறது. லத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் அந்த அமைப்பை ஏற்பதில்லை: எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட், டிஸ்க்ரைப், டெமான்ஸ்ட்ரேட். "எக்ஸ்ப்ளெயின் தி க்ளாஸ் டு மீ" என்று ஆளைப் பின்னால் தள்ள வேண்டும். "சஜஸ்டட் ஹிம் டு கோ" என்பதும் இதே கூட்டத்துப் பிழை. "சஜஸ்டட் தட் ஹி கோ" என்பதுதான் வடிவம்.

அசைக்கணக்கு:
எழுத்தில் எல்லாம் சரி, நேர்காணலில் "எக்சாசர்பேட்" என்று எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னார் ஒருவர். எதிரே இருந்தவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். "ஏட்" என்று முடியும் வினைக்கு மூன்று அசைக்குக் குறையாமல் இருந்தால், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம்: எக்‌-ஸா-சர்-பேட் என்பதில் "ஸா", மிட்டிகேட் என்பதில் "மி", பெர்பெட்ரேட் என்பதில் "பெர்". டெலிபரேட், எலாபரேட், செபரேட் மூன்றும் வினையாக வந்தால் முடிவு "ஏட்", பெயரடையாக வந்தால் "அட்" என்று சுருங்கும். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு.

இருகரை:
டேபிள். லண்டனிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஒன்றை அவை முன் வைப்பது, அமெரிக்காவில் அதைத் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் போகும் கடிதத்தில் இந்த வினையைத் தொடாமல் "ப்ரெசென்ட்" அல்லது "போஸ்ட்போன்" என்று எழுதுங்கள்.

மெய்ப்புமேசை:
தலைமையாசிரியை மடலில் கடைசியில் என்ன போட்டோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். விதிமுறையாகவே நிலைநிறுத்தினார் என்றால் "இன்ஸ்டிட்யூட்டட்". மற்றவர்களைத் திரட்டி முன்னால் நின்றார் என்றால் "ஸ்பியர்ஹெடட்". அந்த அம்மையார் செய்தது இரண்டாவது. ஆனால் ஆசிரியர்கள் கடைசியில் "கேரிட் அவுட்" என்பதையே திரும்பக் கேட்டார்கள். அப்படியே அச்சுக்குப் போனது.