சுகாதாரத் தகவல் மசோதா (2025): தனியார் மருந்தகங்களும் (கிளினிக்குகளும்) நோயாளி விவரத்தைப் பகிர்வது கட்டாயமா?

உட்லண்ட்ஸ்காரன்:
2025 நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தாக்கலான இந்த மசோதாவை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நோயாளி விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011-லேயே வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் அதில் விவரங்களை ஏற்றுகின்றன. தனியார் மருந்தகங்கள் பலவும் ஏற்றுவதில்லை, ஏனென்றால் கட்டாயம் இல்லை. ஒவ்வாமை, தடுப்பூசி, நோய், மருந்து, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் உரிமம் பெற்ற எல்லாரும் ஏற்றியாக வேண்டும் என்கிறது மசோதா.

நான் இதில் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் என் அம்மா. இதய வால்வு அறுவைக்குப் பிறகு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். முட்டிவலிக்காக எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு மருந்தகத்துக்குப் போனார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பிரஷர் மாத்திரை" என்றார், அவ்வளவுதான். அந்த மருந்தகம் தேசியப் பதிவோடு இணைக்கப்படவில்லை. வலி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மலம் கறுப்பாகப் போனது, உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறி. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். வார்ஃபரின் திரையில் தெரிந்தது. மருந்தகம் என்ன கொடுத்தது என்பதுதான் தெரியவில்லை. மாத்திரைகளை எல்லாம் அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார். பெயரில்லாத இரண்டு வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார் தாதி.

மல்லிகை:
அண்ணா, அம்மா இப்போது நலமா? படிக்கவே மனம் பதறுகிறது. ஆனாலும் நான் இந்த மசோதாவை எதிர்க்கிறேன். 2018-ல் சிங்ஹெல்த் என்ற அரசு மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் புகுந்தவர்கள் 15 லட்சம் பேரின் தனிப்பட்ட விவரங்களை எடுத்துப் போனார்கள். அதில் 1,60,000 பேரின் மருந்து விவரமும் போனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரம் உட்பட. பதிவைக் கட்டாயமாக்கும் திட்டத்தை அப்போது அரசே நிறுத்தி வைத்தது. அடுத்த ஜனவரியிலேயே, எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரம் வெளியானதாக அறிவித்தார்கள். சுவரேறிக் குதித்தவன் செய்ததல்ல அது. பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் இருந்த ஒரு மருத்துவர் வழியாகப் போனது.

22 வயதில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தேன். ரொக்கம் கொடுத்து, தனியாரிடம். எங்கும் ஏறாது என்று அந்த மருத்துவர் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தேன். ஏறும் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

உட்லண்ட்ஸ்காரன்:
அம்மா இப்போது பரவாயில்லை, நன்றி தங்கச்சி. ஆனால் காப்புறுதிக்கோ வேலைக்கோ இந்தப் பதிவைப் பார்க்கக் கூடாது என்று மசோதாவிலேயே இருக்கிறதே. வேண்டாம் என்பவர்கள் பார்வைக்குத் தடையும் போட்டுக்கொள்ளலாம்.

மல்லிகை:
தடை போட்டாலும் விவரம் ஏறத்தானே செய்கிறது? அவசரம் என்றால் அதைத் திறக்கவும் செய்யலாம். "பார்க்காதே" என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, "ஏற்றாதே" என்று சொல்ல இல்லை. என் சண்டை அங்கேதான்.

யீஷூன் தாதி:
அவசரத்தில் திறக்க முடியாத பூட்டால் யாருக்கும் பயனில்லை, தங்கச்சி. மயங்கிய நிலையில் வருபவரிடம் எப்படி அனுமதி கேட்பது? அதே சமயம் உங்கள் பயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். எச்ஐவி போன்ற விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு என்றாலும், ரகசியம் காப்பது கடைசியில் திரைக்கு முன்னால் உட்காரும் ஆளின் கையில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே மருத்துவர், ஒரே உதவியாளர் என்று நடக்கும் சிறிய மருந்தகங்களில் இன்னும் அட்டையில் எழுதுகிறார்கள். நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தட்டச்சு தின்றுவிடாமல் அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும்.

மல்லிகை:
சரி அக்கா, அவசரத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் பதிவை யார் திறந்தாலும் அந்த நிமிடமே என் கைப்பேசிக்குத் தகவல் வரட்டும். எந்த மருந்தகம், எதற்காகத் திறந்தது என்று. அதைச் சட்டத்திலேயே எழுதட்டும்.

உட்லண்ட்ஸ்காரன்:
இதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஏற்றுவதைத் தள்ளிப்போட மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவின் கைப்பையில் இப்போது ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், "வார்ஃபரின்" என்று பெரிய எழுத்தில். யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் பையை மாற்றினார். சீட்டு பழைய பையிலேயே இருந்தது.