பணக்கவலை: கம்யூனிட்டி காலேஜ் செமஸ்டரைப் பாதியில் விடலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறேன். அப்பாவுக்குச் சென்ற மாதம் வேலை போய்விட்டதால், மாலை நேரங்களில் ஒரு கிடங்கில் வாரம் 25 மணி நேரம் வேலை செய்து வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்து வருகிறேன். புத்தகத்தைத் திறந்தால் வங்கிக் கணக்கின் மீதித் தொகைதான் கண் முன் நிற்கிறது, தூக்கமும் சரியில்லை. திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசு உதவித்தொகையான பெல் கிராண்டும் குறைவாகவே கிடைத்திருப்பதால், செமஸ்டரை இப்போதே விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி 1:
தம்பி, எதிலும் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் பேசிவிடுங்கள். செமஸ்டரில் 60 விழுக்காடு முடிவதற்குள் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், பெல் கிராண்டின் ஒரு பகுதி திரும்பப் போய்விடும்; அதனால் காலேஜுக்கு நீங்கள் பாக்கி வைத்தவராகிவிடலாம், மறுபடி சேரப் போகும்போது அந்தப் பாக்கியே குறுக்கே நிற்கும். உதவி குறைந்ததற்கும் காரணம் இருக்கிறது: அரசு நிதியுதவி கேட்க நிரப்பும் ஃபாஃப்சா விண்ணப்பம், 2025-26ஆம் கல்வியாண்டுக்குப் பார்ப்பது 2023ஆம் ஆண்டின் வருமானத்தை, அதாவது அப்பா சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்துக் கணக்கை. வேலைநீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் கொடுத்து மறுபரிசீலனை கேட்க விதிகளில் இடமுண்டு. முடிவு அந்த அலுவலகத்தின் கையில்தான். ஆனால் கேட்காதவருக்கு அவர்களாகக் கூப்பிட்டு மாற்றித் தருவதில்லை.

மறுமொழி 2:
படிப்பில் மனம் நிற்காததைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். 2013இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைச் சோதித்தது: அறுவடைப் பணம் வருமுன் சிந்தனைத் தேர்வுகளில் தடுமாறிய அதே ஆட்கள், பணம் வந்த பின் அவற்றை மேலாகச் செய்தார்கள். ஆகவே மனநல ஆலோசகரைப் பாருங்கள், ஆனால் அவர் மூச்சுப் பயிற்சியோடு அனுப்பிவிட்டால் (அப்படியும் நடப்பதுண்டு) அவசர நிதியுதவி இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் மனநல நெருக்கடிக்கான உதவி எண்ணான 988ஐ அழைக்கலாம்.

மறுமொழி 3:
சாப்பாட்டுச் செலவைக் குறைக்க ஸ்னாப் என்ற அரசு உணவு உதவிக்கும் விண்ணப்பியுங்கள். மாணவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்றாலும், வாரம் 20 மணி நேரமாவது ஊதியத்துக்கு வேலை செய்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. நீங்கள் 22 வயதுக்குட்பட்டுப் பெற்றோருடன் வசித்தால், குடும்பம் முழுவதையும் ஒரே கணக்காகத்தான் பார்ப்பார்கள்; அப்பாவையும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறேன். அப்பாவின் வேலைநீக்கக் கடிதம் மின்னஞ்சலாகத்தான் வந்தது. அதை அச்சிட்டுக் கொடுத்தால் ஏற்பார்களா, நிறுவனத்தின் கையொப்பம் வேண்டுமா?