முகம் உள்ள ஒரே பாம்பு

போன டிசம்பர் லீவில் நடந்தது. நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த். முப்பது வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன் நான். அதனால் படம் சம்பந்தமாக எது என்றாலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். என் அக்கா மகனோடு படிக்கும் பையன் ஒருவன் பெரிய அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், நானே செஞ்ச பரமபதம். பார்த்துச் சொல்லுங்க." (தமிழ் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் இங்கிலீஷில் பேசினோம்.)

நூறு கட்டம். முதல் கட்டத்தில் 1860 நவம்பர் 16, மெட்ராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த நாள். நூறாவதில் எல்லா இனத்தாரும் முதல்முறை ஓட்டுப்போட்ட 1994-இன் ஓட்டுப்பெட்டி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள் மேல் வெள்ளைக்கார அரசு போட்ட மூன்று பவுன் வரி ஒரு பாம்பு. ஆளுக்கொரு இடம் என்று இனவாரியாகப் பிரித்த வெள்ளையர் அரசின் 1950-ஆம் வருடச் சட்டம் இன்னொரு பாம்பு. அதன் தலை, இந்தியர்களை அந்தச் சட்டம் காலிபண்ண வைத்த கேட்டோ மேனரில் இருந்தது. வாலடியில் சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளை வரைந்திருந்தான். சிரித்துவிட்டேன். எங்கள் தாத்தா குடும்பம் அப்படித்தான் சறுக்கி வந்து விழுந்தது.

அப்புறம்தான் 1949 ஜனவரிப் பாம்பைப் பார்த்தேன், டர்பனில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரம். மற்றதெல்லாம் வெறும் பாம்பு. இதற்கு மட்டும் மனித முகம். கன்னங்கரேலென்று, தடித்த உதடு, பிதுங்கிய கண், பக்கத்தில் ஒரு தடி. ஜூலுக்காரராம், இந்தப் பக்கத்துக் கறுப்பினத்தவர்.

"இது இனவெறி, கிழிச்சுப் போடு" என்றேன். பையன் முகம் சுண்டிவிட்டது. "எங்க ஆயா சொன்னதைத்தானே வரைஞ்சேன்" என்று முனகிவிட்டு அட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். தப்பு என் மேல்தான். ஏணி நன்றாக இருக்கிறது, வாலடி வீடுகள் பிரமாதம் என்று ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து நானே கூப்பிட்டனுப்பினேன். டீ கொடுத்தேன். முதலில் தொழில் பேச்சு. எழுத்து பொடியாக இருக்கிறது, பாட்டிமாருக்குத் தெரியாது. கட்டங்கள் வருட வரிசையில் போகும்போது, பாம்பு கடித்துப் பழைய வருடத்துக்கு இறங்கினால் விளையாடுகிறவனுக்குக் குழப்பம். வருடத்தைப் பாம்பின் மேலேயே எழுதிவிடு என்றேன். ஒத்துக்கொண்டான்.

பிறகு கேட்டேன்: "வரி போட்டவன் முகம் எங்கப்பா? சட்டம் போட்டவன் முகம்?"

நெடுநேரம் அட்டையையே பார்த்தான். "அது தோணவே இல்லை, அங்கிள்."

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், போனில் கிடைத்த ஏதோ பழைய கார்ட்டூனைப் பார்த்துப் போட்டானாம். பழகுகிற கை அப்படித்தான். நானும் சினிமா போஸ்டரைப் பார்த்துக் கற்றவன்தான்.

அந்தக் கலவரத்தில் செத்தவர்கள் 142 பேர் என்றேன். எல்லோரும் இந்தியர்கள் என்றே நினைத்திருந்தான். கறுப்பர்கள் 87, இந்தியர்கள் 50, மிச்சம் ஐந்து பேர் மற்றவர்கள். போலீஸ், இராணுவக் குண்டு பட்டுச் செத்த கறுப்பர்கள் பலர். இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஒரு கறுப்பினப் பையனை அடித்ததில்தான் நெருப்புப் பற்றியது. அவன் ஆயா பட்ட பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் ஆயாவும் அதே இரவுகளில் நடுங்கியவள்தான். ஆனால் அவளைச் சோளமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததே பக்கத்து வீட்டு ஜூலு அம்மாதான்.

"உன் வகுப்பில் பாதிப் பேர் ஜூலுப் பிள்ளைகள். 2021-இல் ஃபீனிக்ஸில் நடந்ததுக்கு அப்புறம் இதை அவங்க முன்னால விரிப்பியா?" டர்பனிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் அந்த வருடக் கலவரத்தில் கறுப்பர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதில் வரவில்லை.

பொங்கலுக்குள் புதுப் பலகை வந்தது. முகம் போய், எரியும் தெரு ஒன்று பாம்பாக வளைந்து கிடந்தது. அதற்கு முன்னால் நான் சொல்லாமலே ஒரு புது ஏணி: 1947-இல் இந்தியர் தலைவர்கள் டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ, கறுப்பர்களின் தலைவர் டாக்டர் க்ஸூமா மூவரும் இரண்டு இனமும் சேர்ந்து போராடுவதென்று கையெழுத்திட்ட ஒப்பந்தம். மூன்று கைகள், ஒரே பேனா. வரைந்த விதத்தில் என்னை அசத்தியது அதுதான்.

இருந்தாலும் எல்லாப் பாம்பும் இன்னும் கறுப்பு. ஏன் என்றால், "மாம்பா கறுப்புதானே, அங்கிள்?" என்கிறான்.

கறுப்பு மாம்பாவுக்கே வாய்க்குள்தான் கறுப்பு, நம் கடற்கரைப் பக்கம் பச்சை மாம்பாவும் உண்டு என்றேன். யோசித்துவிட்டு, என் அலமாரியிலிருந்த பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.